என் கையைக் கழிச்சுக்குங்க

அந்தப் பைய மேல வெச்சிடுங்க சார், கால் வெக்க எடம் இல்ல. ஆங், இப்ப சரி. நான் ஜன்னல் வழியா துப்பினதப் பாத்து ஒதுங்காதீங்க, சீக்கு ஒண்ணும் கெடையாது. வாயெல்லாம் கசக்குது. காலையிலேருந்து கலெக்டர் ஆபீசு வாசல்ல நின்னுட்டு வர்றேன். திங்கக்கெழமை மனு குடுக்கற நாளு இல்ல, ஜில்லாவே அங்கதான் நிக்குது. பட்டா வேணும், பென்சன் வேணும், பக்கத்து ஊட்டுக்காரன் வரப்ப வெட்டிட்டான், ஆளுக்கு ஒண்ணு. என் மனுவ வாங்கின பொண்ணு அத்தப் படிச்சுட்டு என் மூஞ்சியப் பாத்துது, திரும்பப் படிச்சுது. "என்னம்மா, கையைக் கழிக்கணும்னு எழுதியிருக்கு?" அப்படீன்னுது. ஆமாம்மா, என் கையைக் கழிக்கணும். எண்ணுறப்ப என் கையையும் சேத்து எண்ணிட்டாங்க, அத்த எடுத்துடணும். அவ்ளோதான் மனு. பாருங்க, நீங்களும் சிரிக்கிறீங்க. அந்தப் பொண்ணும் சிரிச்சுது.

உங்களுக்கு என்னத் தெரியாது. சாத்தனேரி ராஜகுமாரின்னு மேடை போடறவங்க யாரக் கேட்டாலும் சொல்வாங்க. வேன் குமாரின்னாதான் சட்டுனு தெரியும். எந்தக் கட்சியா இருந்தா என்னா, தலைவர் வர்றாருன்னா எனக்குத்தான் மொதல்ல போன் வரும். பந்தக்காரனுக்கே அப்பறம்தான். பொம்பளைங்கள வேன்ல ஏத்திக்கினு போயி, எறக்கி, உக்கார வெச்சு, கூட்டம் முடிஞ்சதும் பத்திரமா ஊடு சேக்கறது என் பொறுப்பு. ஒருத்தி தொலைஞ்சது கெடையாது. ஒருத்தி மேல ஒருத்தன் கை பட்டது கெடையாது. ஒரே மாசத்துல நாலு கட்சிக்கு அனுப்பியிருக்கேன், நாலு பேருக்கும் நாயமா நடந்திருக்கேன். ஒரு கட்சி புடவையக் கட்டிக்கினு இன்னொரு கட்சிக் கூட்டத்துல போயி எறங்கினது ஒரே ஒரு தரம்தான், அதுவும் டிரைவர் பண்ண தப்பு.

ஜனநாயகம் ஜனநாயகம்னு டிவியில பேசறானே சார், ஜனநாயகம்னா இன்னா? கூட்டம். கூட்டம் இல்லாம தலைவர் ஏது, தேர்தல் ஏது? அந்தக் கூட்டத்த சேத்துக் குடுக்கறவ நான். எனக்கு ஒரு சால்வ போட்டிருப்பானா எவனாவது?

சும்மா ஆளப் புடிச்சு ஏத்தறதுன்னு நெனச்சுக்காதீங்க. பழக்கணும். மூணு விசயம் சொல்லிக் குடுத்துதான் வேன்ல ஏத்துவேன். எடம் புடிச்சு உக்காந்தா உக்காந்ததுதான், மழ வந்தாலும் வெயில் வந்தாலும் கூட்டம் முழுசா முடியாம எழுந்திரிக்கக் கூடாது. நான் ஓரமா நின்னுக்கினு கர்ச்சீப்பத் தூக்கினா கையத் தூக்கணும், எறக்கினா எறக்கணும், ஒருத்தி முந்தி ஒருத்தி பிந்தி இருக்கக் கூடாது. அப்பறம், பொட்டலம் கைக்கு வராம எந்தத் தாளுலயும் கையெழுத்து போடக் கூடாது. இந்தக் கடைசி விசயம் பட்டுத் தெரிஞ்சுக்கினது. கையெழுத்த வாங்கிக்கினு சோத்துப் பொட்டலத்த வித்துட்டுப் போனவன்லாம் இருக்கான் சார், மந்திரி ஆளுன்னு சொல்லிக்கினு.

இதுல என் முன்வரிசை அஞ்சலாட்சி. எங்கூருதான். ஏரிக்கரையில ஆடு வெச்சிருக்கறவ. களையான மூஞ்சி, எந்தத் தலைவர் பேசினாலும் அவளுக்குக் கண்ணு கலங்கும். டிவிக்காரன் வந்தா கேமராவ அவமேலதான் வெப்பான். கொட்டாவி வுட மாட்டா, காலை நீட்ட மாட்டா. அவள நான் எப்படி வெச்சிருந்தேன் தெரியுமா? பிரசவத்துக்கு அவ பொண்ண கவருமெண்டு ஆஸ்பத்திரியில சேத்தது நானு. தீபாவளிக்குப் பொடவ எடுத்துக் குடுத்தது நானு. வளத்த கடா மாருல பாஞ்சுதுன்னு சொல்வாங்களே, அது அவதான்.

சொல்றேன் கேளுங்க. எங்கூரு பஞ்சாயத்து தலைவர் தனகோட்டி. நல்ல மனுசன். போட்டியே இல்லாம செயிச்சவரு. போட்டி போட ஒருத்தன் வந்தான், அவனக் கூப்ட்டுப் பேசினாங்க, அவன் கெளம்பி திருப்பூருக்கு வேலைக்குப் போயிட்டான். அந்தளவுக்கு ஊருல அவருக்கு மரியாத. எங்கூருல கிராம சபைன்னா கொடி ஏத்தற மாதிரிதான், பத்து நிமிசத்துல முடிஞ்சிடும். செயலாளர் வாசிப்பாரு, தலைவர் தலையாட்டுவாரு, நாலு ஆம்பளைங்க டீ குடிப்பாங்க. தீர்மானமெல்லாம் அப்பறம் ஆபீசுல உக்காந்து எழுதிக்குவாங்க. கையெழுத்த ஊடு ஊடா வந்து வாங்கிக்கினு போவாங்க. யாருக்காவது தொந்தரவு உண்டா? சண்ட உண்டா? அதுவும் ஒரு ஜனநாயகம்தானே சார்.

போன காந்தி ஜெயந்திக்கு முன்னாடி தலைவர் என்னக் கூப்ட்டு அனுப்பினாரு. "குமாரி, இந்தத் தரம் ஆளு வேணும்" அப்படீன்னாரு. மேலேருந்து பற்றாளர்னு ஒரு அதிகாரிய அனுப்புவாங்க, கூட்டம் ஒழுங்கா நடக்குதான்னு பாக்க. எப்பவும் வர்றவரு வந்தா டீ குடிச்சுட்டுப் போயிடுவாரு. இந்தத் தரம் புதுசா ஒரு பொண்ணு, ஆளு கொறைஞ்சா கூட்டமே செல்லாதுன்னு எழுதிடுமாம். அதோட ஒரு முக்கியமான தீர்மானம் இருக்கு, ஊரு ஒத்துக்கிச்சுன்னு காட்டியாகணும்னாரு.

உள்ளூருல கூலிக்குக் கூட்டம் சேக்கறது எனக்கே புதுசு. எங்கூரு பொம்பளைங்க சென்னையில உக்காந்திருக்காளுங்க, சேலத்துல உக்காந்திருக்காளுங்க, எவனெவன் மாநாட்டுலயோ உக்காந்திருக்காளுங்க. எங்கூரு பள்ளிக்கூடத்து மைதானத்துல உக்காந்தது கெடையாது. வேன் செலவு மிச்சம்னு சந்தோசமா ஒத்துக்கினேன். சொந்த செலவுல சூனியம் வெச்சுக்கினேன்னு அப்பத் தெரியல.

காந்தி ஜெயந்தின்னு கறிக்கடயெல்லாம் மூடிட்டான், தக்காளி சோறுதான் சொல்லியிருந்தோம். எல்லாரையும் எப்பவும் போல கூட்டியாந்து பந்தல்ல உக்கார வெச்சேன். அஞ்சலாட்சி முன்னாடி. நான் ஓரமா கர்ச்சீப்போட. அந்த அதிகாரிப் பொண்ணு வந்துது, கூட்டத்தப் பாத்து அதுக்கே ஆச்சரியம். "இவ்ளோ பெண்கள் வந்திருக்கீங்களே, சந்தோசம்" அப்படீன்னுது. எனக்குப் பெருமையா இருந்துச்சு. பொய் சொல்லக் கூடாது.

செயலாளர் வாசிச்சாரு. தெருவெளக்கு, வரி, டெங்கு கொசு. நான் கர்ச்சீப்பத் தூக்கினேன், தூக்கினாளுங்க. எறக்கினேன், எறக்கினாளுங்க. எல்லாம் நெய்யா வழுக்கிக்கினு போச்சு. அப்பறம் அந்த முக்கியமான தீர்மானம். ஏரிக்கர ஓரம் இருக்கற மேய்க்கால் பொறம்போக்குல நகராட்சியோட திடக்கழிவு மேலாண்மை வளாகம் அமைக்க இந்த சபை மனமுவந்து சம்மதிக்கிறதுன்னு ஒரே மூச்சுல வாசிச்சுட்டாரு. நான் கர்ச்சீப்பத் தூக்கப் போறேன். அதுக்குள்ள இந்த அஞ்சலாட்சி வாயத் தொறந்தா.

"மேய்க்கால்ல இன்னா கட்டப் போறீங்க?"

செயலாளரு, "அது ஒரு திட்டம்மா, ஊருக்கு நல்லது" அப்படீன்னாரு. சரியாத்தானே சொன்னாரு? அந்த அதிகாரிப் பொண்ணு சும்மா இருந்திருக்கலாம். "டவுன் குப்பையக் கொண்டாந்து கொட்டறதும்மா. தரம் பிரிக்கறதும் அங்கேயே நடக்கும்" அப்படீன்னுது.

ஒரு சத்தம் இல்ல சார். நான் எத்தன மாநாடு பாத்தவ, அந்த மாதிரி ஒரு அமைதிய எந்தத் தலைவனும் வாங்கினதில்ல.

இவளுங்களுக்கு ஆடு மேயறது அந்த மேய்க்கால்ல. குடிதண்ணி மோட்டாரு அந்த ஏரிக்கர கெணத்துல. சரி, இருக்கட்டும். அதுக்கு ஒரு வழி பண்ண மாட்டாரா தலைவரு? எங்க ஊடு மேட்டுத் தெருவுல, நாங்க கேன் தண்ணி. அந்தக் கெணத்தப் பத்தி எனக்கு நெனப்பே வரல. டவுன்ல எல்லாரும் இருக்கறாங்க, குப்பையில்லாமயா இருக்கறாங்க? எங்கயாவது கொட்டித்தானே ஆகணும்?

தலைவரு சிரிச்ச மூஞ்சியா, "ஆதரிக்கறவங்க கையத் தூக்குங்கம்மா" அப்படீன்னாரு. நான் கர்ச்சீப்பத் தூக்கறேன். ஒரு கை எழும்பல. ஆம்பளைங்க பக்கம் கொஞ்சம் எழும்புச்சு, தலைவரோட பங்காளிங்க. இந்தப் பக்கம் எல்லாம் மடியில கைய வெச்சிக்கினு உக்காந்திருக்காளுங்க. நான் கண்ணால உருட்டறேன், இருமறேன், திரும்பத் தூக்கறேன். கர்ச்சீப்ப என்னமோ நான் மூஞ்சி தொடைக்க எடுத்த மாதிரி அந்தாண்ட பாக்கறாளுங்க. அருவருப்பா இருந்துச்சு சார். சோறு போட்டவள நேருக்கு நேரா பாத்துக்கினே இப்படி ஒரு துரோகம்.

தலைவரு சமாளிச்சுட்டாரு. "சரி, ஏகமனதா நிறைவேறிடுச்சு, அடுத்தது" அப்படீன்னாரு. அப்ப அஞ்சலாட்சி எழுந்திரிக்காம, உக்காந்த எடத்துலருந்தே சொல்றா: "எதிர்க்கறவங்களக் கேக்கலியே."

எதிர்க்கறவங்கள எந்த ஊருல சார் கேக்கறான்? அந்தப் பொண்ணு மட்டும், "ஆமா, கேக்கணும்" அப்படீன்னு பேனாவ எடுத்துக்கினு எழுந்து நின்னுடுச்சு. "எதிர்க்கறவங்க கையத் தூக்குங்க."

தூக்கினாளுங்க. எல்லாரும். ஒரு கை முந்தல, ஒரு கை பிந்தல. முன்வரிசையிலேருந்து கடைசி வரைக்கும் ஒரே ஒசரம். பாக்க அழகா இருந்துச்சு, அத்தயும் சொல்லிடறேன். எந்த மாநாட்டுலயும் எனக்கு அவ்ளோ சுத்தமா அமைஞ்சதில்ல. ஒரு நிமிசம் நான் என் வேலையப் பாக்கற மாதிரிதான் பாத்துக்கினு நின்னேன். அப்பறம்தான் சொரண வந்துது. எறக்குங்கடி, எறக்குங்கடின்னு கையத் தூக்கி வேகமா ஆட்டினேன். கர்ச்சீப்பு கீழ வுழுந்துடுச்சு, வெறுங்கைய ஆட்டறேன். அந்தப் பொண்ணு வரிச வரிசையா எண்ணிக்கினே வந்துது. என் கிட்ட வந்து, "நீங்க இந்த ஊருதானேம்மா, ஓட்டு இங்கதானே?" அப்படீன்னுது. அதிகாரி கேட்டா பதில் சொல்லணும் இல்ல? "ஆமாம்மா" அப்படீன்னேன். பேனாவால என் கையக் காட்டி எண்ணிக்கினு தாண்டிப் போயிடுச்சு. அது போன பொறவுதான் எனக்கு ஒறைக்குது, அது என்னையும் சேத்துக்கிச்சுன்னு. நாயமா சார் இது? அவளுங்கள எறக்கச் சொல்லித் தூக்கின கை சார் அது.

அதோட முடியல. தீர்மானம் தோத்துப் போச்சுன்னு அந்தப் பொண்ணு சொல்லிடுச்சு. தலைவரு வேட்டிய ஒதறிக்கினு எழுந்துட்டாரு. கூட்டம் முடிஞ்சுது, சாப்ட்டுட்டுப் போங்க, மத்தத ஆபீசுல எழுதிக்கலாம்னாரு. அதான் வழக்கம். செயலாளரு வெறும் பக்கத்துல கையெழுத்து வாங்கப் புத்தகத்த நீட்டறாரு. ஒருத்தி தொடல. "பொட்டலம் கைக்கு வராம கையெழுத்து போடறதில்ல" அப்படீன்னு அஞ்சலாட்சி சொல்றா. செயலாளரு அவசர அவசரமா தக்காளி சோத்த எடுத்துக் குடுத்தாரு. வாங்கினாளுங்க. தின்னாளுங்க. போய் கைகழுவிட்டு வந்து பழைய எடத்துலயே உக்காந்துக்கினு, "இப்ப இந்தத் தாளுல இன்னா எழுதறீங்கன்னு எங்க எதிருல எழுதி வாசிங்க, அப்பறம் போடறோம்" அப்படீன்றாளுங்க. வெயிலு உச்சியில ஏறிடுச்சு. பந்தக்காரன் பந்தலப் பிரிச்சுக்கினு போயிட்டான், தலைவரு கண்ணக் காட்டியிருப்பாரு. முக்காட்டப் போட்டுக்கினு உக்காந்திருக்காளுங்க. நான் போயி, "போதும் எழுந்திரிங்கடி, ஊட்டுக்குப் போலாம்" அப்படீன்னு கெஞ்சினேன். அஞ்சலாட்சி சிரிக்கிறா. "நீ சொன்னது தானேக்கா, கூட்டம் முழுசா முடியாம எழுந்திரிக்கக் கூடாதுன்னு." அந்தச் சிரிப்ப நெனச்சா இப்பவும் வாயில எச்சி ஊறுது, துப்பணும் போல.

எழுதினாங்க. வாசிச்சாங்க. அந்தப் பொண்ணு கையெழுத்து போட்டுட்டு ஸ்கூட்டியில ஏறிப் போயிடுச்சு. கெட்டது நானு.

மறுநா காலையில அஞ்சலாட்சி ஊட்டுக்கு வந்தா. முந்தின நா குடுத்த கூலிய, எல்லாருதும் சேத்துத் துணியில முடிஞ்சு எடுத்துக்கினு வந்திருந்தா. "நம்ம ஊரு கூட்டத்துக்குக் கூலி வாங்கறது அசிங்கம்க்கா" அப்படீன்றா. அசிங்கமாம். ஊரூரா போயி கூலி வாங்கித் தின்னப்ப அசிங்கமா இல்ல, எந்தத் தலைவன் பேசினாலும் கண்ண கசக்கினப்ப அசிங்கமா இல்ல, இப்ப வந்து என் வாசல்ல நின்னுக்கினு அசிங்கத்தப் பத்திப் பேசறா. த்தூ. எனக்கு வாழ்நாள்ல அப்படி ஒரு அருவருப்பு வந்ததில்ல. எப்பவும் உள்ள வந்து பாயில உக்காருவா, அன்னைக்கு நானும் உக்காருன்னு சொல்லல. அவளும் துணி முடிச்ச வாசப்படியில வெச்சுட்டுப் போயிட்டா.

தலைவரு என் மூஞ்சியில முழிக்கறதில்ல. "நீயே கையத் தூக்கினியே குமாரி" அப்படீன்னு ஒரு வார்த்த, அவ்ளோதான். எங்கூட்டுக்காரரு அவர் கால்ல வுழாத கொறையா எடுத்துச் சொல்லிப் பாத்தாரு. கேக்கணுமே. ஜில்லா முழுக்க பரவிடுச்சு. வேன் குமாரி ஆளுங்க கேள்வி கேக்கற ஆளுங்கன்னு. அந்தப் பேரு வந்தா இந்தத் தொழில்ல தல எடுக்க முடியுமா? போன மாசம் ஒரே ஒரு கூட்டம் வந்துது, ரொம்பக் கெஞ்சி வாங்கினேன். வேன் நிக்குது, ஏறுங்கடின்னா, ஏறாம நின்னுக்கினு கேக்கறாளுங்க. யாரு கூட்டம், எதுக்கு நடத்தறாங்க, நம்ம ஏரிக்கு அவரு இன்னா சொல்றாருன்னு கேக்கறாளுங்க. மாநாட்டுக்குப் போற கூலியாளு கேக்கற கேள்வியா சார் இது? டிரைவரு சிரிக்கிறான். பாதி வேன் காலியாப் போச்சு.

அதனாலதான் இந்த மனு. என் கைய மட்டும் கழிச்சுட்டா தலைவருகிட்ட காட்டலாம் இல்ல, பாருங்க நான் இல்லன்னு? மனு வாங்கின பொண்ணு உள்ள போயி யாரையோ கேட்டுட்டு வந்து சொல்லுது, கிராம சபையில எண்ணினத இங்க மாத்த முடியாதாம். கலெக்டரு நெனச்சாலும் அவரா அத்த அடிச்சு எடுத்துட முடியாதாம். அப்ப எதுக்கு கலெக்டரு? "அடுத்த கிராம சபைக்கு நீங்களே போங்க, எழுந்து நின்னு, நான் அந்தத் தீர்மானத்த ஆதரிக்கிறேன், குப்பைக் கெடங்கு வேணும்னு பேசுங்க, பதிவு பண்ணிக்குவாங்க" அப்படீன்னுது. அங்க போயி நான் உக்காரணுமாம். எனக்குன்னு, நானா.

பஸ் ஸ்டாண்டுலேருந்தே அஞ்சலாட்சிக்குப் போன் போட்டேன். திட்டறதுக்குத்தான் போட்டேன். வந்து பேசப் போறேன்டி, பாத்துக்கோன்னேன். கோவமே இல்ல அவளுக்கு. "வாக்கா, கண்டிப்பா வா. உனக்கு முன்னாடியே எடம் போட்டு வெக்கிறேன். யாரும் குறுக்க பேச மாட்டோம். ஏன் வேணும்ங்கறதையும் சேத்து சொல்லிடுக்கா, கேட்டுக்கறோம்" அப்படீன்னு சொல்லிட்டு, ஆட்ட ஓட்டப் போறேன்னு போன வெச்சுட்டா.

ஏன் வேணும்னு சொல்லணுமாம். அதான் சார் பஸ்ஸு ஏறினதுலேருந்து யோசிச்சுக்கினு வர்றேன். தலைவரு சொன்னாருன்னு சொல்ல முடியாது, அவரு மானம் போயிடும். எனக்கு வேன் வரலன்னு சொல்ல முடியாது, சிரிப்பாளுங்க. ஊருக்கு நல்லதுன்னு சொன்னா, எப்படி நல்லதுன்னு அஞ்சலாட்சி கேப்பா, அவள எனக்குத் தெரியும்.

ஜன்னல சாத்துங்க சார். சாத்துங்க, சாத்துங்க. அய்ய. தோ பொகையுது பாருங்க, அந்தாண்ட, மல மாதிரி. அதான் டவுன் கெடங்கு. இதுல எடம் இல்லாமத்தான் எங்கூரு ஏரிக்குக் கொண்டாரப் பாத்தாங்க. அந்த நாயி இன்னாத்த இழுத்துக்கினு போவுது பாருங்க. பாக்காதீங்க, பாக்காதீங்க. கொமட்டுது எனக்கு. கொழந்த வெச்சிருக்கற பொம்பள தலைய முழுக்க மூடிக்கினா. இந்தப் பக்கம் ஊடு வேற கட்டியிருக்கான், எப்படித்தான் சோறு திங்கறானோ.

நீங்க படிச்சவராட்டம் தெரியறீங்க. எனக்கு ஒரே ஒரு வார்த்த சொல்லிக் குடுங்க சார், மனப்பாடம் பண்ணிக்கறேன். ஊரு பொம்பளைங்க அத்தன பேரும் வாய மூடிக்கினு என்னையே பாத்துக்கினு இருப்பாளுங்க. நான் எழுந்து நின்னு, இது எங்க ஊருக்கு வேணும்னு சொல்லணும். எதுக்காக வேணும்னு சொல்லட்டும்?

இன்னா சார்? மூக்குலேருந்து கைய எடுத்துட்டு சொல்லுங்க, ஒண்ணும் காதுல வுழல.